பால் பாக்கெட்டும் ஜாங்கோவும்

கையேடு படித்துவிட்டு எதையும் தொடுகிற வழக்கம் எனக்கு இல்லை. மிக்ஸி வாங்கிய அன்று சமையலறைக் கூரைக்குப் போன தேங்காய்ச் சட்னி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதே துணிச்சலில்தான் வீட்டுப் பால் கணக்குக்கு வெப்சைட் செய்ய ஜாங்கோவில் இறங்கினேன். அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005-இல் ஊருக்குப் பொதுவான ஃபிரேம்வொர்க் அது. பெயர், ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞருடையது. ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும் ‘டி’யை உச்சரிக்கக் கூடாதாம். ஆறு மாதம் ‘டிஜாங்கோ’ என்றே சொல்லித் திரிந்திருக்கிறேன், ஒருவரும் திருத்தவில்லை.

காலை ஐந்து மணிக்குப் பால் வந்ததும் பதிவு செய்தேன். மனைவி திரையைப் பார்த்தாள்.

“நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு யாருங்க உங்களுக்குப் பால் கொண்டுவந்தது?”

செட்டிங்ஸ் ஃபைலில் நேரம் யூடிசி என்று இருந்தது. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறோம். அவ்வளவுதானே என்று ‘ஏசியா/சென்னை’ என்று போட்டேன். அரைப் பக்கத்துக்குத் திட்டிவிட்டு சர்வர் படுத்துக்கொண்டது. மரியாதையாக ‘மெட்ராஸ்’ என்று கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கொல்கத்தா என்றால்தான் வேலை நடக்கும். பழைய கல்கத்தாவுக்குக்கூட அந்தப் பட்டியலில் இடம் உண்டு, நமக்குத்தான் இல்லை.

அடுத்து, அதே ஃபைலில் இருந்த டீபக் என்ற சுவிட்ச். தளத்தை ஊருக்குத் திறந்துவிடும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்று கேள்விப்பட்டதும், திறக்கும் உத்தேசமே இல்லாத நான் உடனே அணைத்தேன். ‘அலவ்டு ஹோஸ்ட்ஸ்’ பட்டியல் கொடுக்காமல் கிளம்ப மாட்டேன் என்றது சர்வர். யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று ஒரு நட்சத்திரத்தைப் போட்டேன். கிளம்பியது. ஆனால் அட்மின் பக்கம் கலர், கட்டம் எல்லாம் போய், மழையில் நனைந்த கல்யாணப் பத்திரிகை மாதிரி நின்றது. இரண்டு மணி நேரம் சிஎஸ்எஸ்ஸைக் குடைந்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. டீபக்கை அணைத்தால் ஜாங்கோவின் சோதனை சர்வர் சிஎஸ்எஸ் மாதிரியான ஸ்டாட்டிக் ஃபைல்களைத் தராது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கையேட்டில் தெளிவாகவே போட்டிருக்கிறது, பிறகு பார்த்தேன்.

மாதம் பிறந்ததும் பால்காரர் வந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு அடிப்பதற்குள், சமையலறைக் காலண்டரில் போட்டிருந்த டிக்குகளை எண்ணி, மனைவி பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.