இறக்கம் பார்த்து நிறுத்தவும்

சேலத்திலிருந்து நாமக்கல் 50 கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் முடிவதற்குள் வந்துவிடும். முப்பது வயது தாண்டிய சொந்த வேனில், அதிலும் உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர் டிரம்மும் வைத்துக் கட்டிய வேனில் போனால் இரண்டு நாள். அந்த இரண்டு நாளை யார் யார் பட்டறையில் எப்படிக் கழிப்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள். சீக்கிரம் போய்ச் சேர வேண்டியவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம்.

இந்த ஆசை எல்லோருக்கும் ஒரே படத்திலிருந்துதான் தொற்றுகிறது. கடற்கரை, பாதி வெள்ளையும் பாதி ஆரஞ்சுமாக ஒரு வோக்ஸ்வாகன் வேன், பின்கதவில் காலைத் தொங்கப் போட்டுக் காபி குடிக்கும் ஒரு ஜோடி. 1950-ல் ஜெர்மனியில் பிறந்து, பிரேசிலில் 2013 வரை உற்பத்தியில் இருந்த அந்த வண்டி உங்களுக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டாது. மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு செய்தி: நம் ஊர் மெட்டடார் அதற்குப் பங்காளி முறை. ஜெர்மனியில் டெம்போ என்ற கம்பெனி 1949-ல் மெட்டடார் என்று ஒரு வேனை விட்டபோது அதற்கு இன்ஜின் கொடுத்ததே வோக்ஸ்வாகன்தான். மறு வருஷம் வோக்ஸ்வாகன் தன் சொந்த வேனை இறக்கியது. கொஞ்ச நாளில், பங்காளிக்கு எதற்கு இன்ஜின் என்று கொடுப்பதை நிறுத்திவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை ஹிப்பிகளை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றினான். இந்த வீட்டுப் பிள்ளை பஜாஜ் டெம்போ வழியாக இந்தியாவுக்கு வந்து, 1969-லிருந்து 2000 வரை பெண்ணழைப்பு கோஷ்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மைக் செட், பழனி பாதயாத்திரைக்குப் பின்னால் வரும் அண்டா குண்டா எல்லாவற்றையும் சுமந்தான். ஓய்வு கொடுக்க வேண்டிய வயதில் அவனை இழுத்து வந்து திரைச்சீலை மாட்டி ஊர் சுற்றக் கூப்பிடுகிறோம். முறைக்கத்தான் செய்வான்.

என் வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தது, ஸ்டியரிங் ஒரு ஜீப்பினுடையது, முன் சீட்டு ஏதோ ஒரு காரினுடையது. பிறந்த வீட்டைக் குறை சொல்லும்படி அதில் இப்போது பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

வாங்கும்போது கையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். தகரத்தில் வைத்தால் ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் துருவை மறைத்துப் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் காந்தத்தை வைத்த முதல் மூன்று இடத்திலும் அது தரையில் விழுந்தது. அடுத்து, ரேடியேட்டர்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ தள்ளி ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகிற விஷயம். கடைசியில் புகை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் பாதி எரியாமல் வெளியே போகிறது. வெள்ளை விடாமல் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது. மூன்றும் மாறி மாறி வந்தால் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். நான் திரும்பவில்லை.

காகித விவகாரம் சுருக்கமாக. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்; அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வயது தாண்டியவற்றுக்கு 2025-ல் அதுவும் இரட்டிப்பு. பசுமை வரி தனி. உள்ளே கட்டில், அடுப்பு என்று மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு எதிரே வந்து நிற்கும். அனுமதி வாங்கிவிட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும். நம் ஊர் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம், 'இது ஹிப்பி கலாசாரம் சார்' என்று விளக்கப் பார்க்காதீர்கள். வண்டிக்கு 50 வயது ஆகிவிட்டால் மரியாதை வேறு. 2021-ல் வந்த விதிப்படி அது 'விண்டேஜ்'. தனி நம்பர் பிளேட்டு கிடைக்கும். ஆனால் தினப்படி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, பேரணிக்கு, டீசல் போட, பராமரிப்புக்கு மட்டும் எடுக்கலாம். பராமரிப்புக்கு என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள், பாருங்கள். நாம் வேறு எதற்கு எடுக்கிறோம்?

பாடி கட்டும் கட்டத்தில்தான் இந்த ஊரில் பிறந்ததன் பலன் தெரியும். லாரி வெறும் சேஸாக, முன்னால் ஒரு மூக்கு மட்டும் வைத்து, திறந்த வெளியில் டிரைவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓட்டி வர, நாமக்கல்லில் அதற்கு வீடு கட்டி அனுப்பிய காலம் ரொம்பப் பழையதல்ல. மரச்சட்டம், தகரம், டிரைவர் முதுகுக்குப் பின்னால் படுக்கைப் பலகை, சாமி படத்துக்கு மாடம், சட்டை மாட்டக் கொக்கி, கேனுக்கும் ஸ்டவ்வுக்கும் இடம் என்று எல்லாம் அளந்து வைப்பார்கள். மேல்நாட்டில் பத்திரிகை போட்டுச் சொல்லிக் கொடுக்கும் கலையை இங்கே ஆசாரிகள் பீடி குடிக்கிற இடைவேளையில் செய்துவிட்டுப் போனார்கள். இப்போது கேபின் கம்பெனியிலிருந்தே வருகிறது. ஆனாலும் கை மறக்கவில்லை. அப்படி ஒருவரிடம் என் வண்டியைக் கொண்டு போனேன்.

"ரெண்டு பேரு படுக்கோணும், சோறாக்கோணும். சரிங்க. லோடு எங்கீங்க வெப்பீங்க?"

"லோடு இல்லீங்கண்ணா."

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அப்புறம் வண்டி எதுக்குங்க ஓடுது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டு போங்கள். என்னிடம் இன்னும் இல்லை. லோடு இல்லை என்பதை அவரால் முழுசாக நம்பவும் முடியவில்லை போலிருக்கிறது; கட்டிலைச் சிமெண்டு மூட்டை அடுக்குகிற பலத்துக்குச் செய்து கொடுத்தார். அந்தக் கனத்தில் பின்பக்கக் கமான் பட்டை சலித்துப்போய், இன்னொரு பட்டை சேர்த்தோம். சேர்த்த பிறகு வண்டி ஆடுவதில்லை, குதிக்கிறது. கூரை ஒழுகும். அதற்கு மருந்து தார்ப்பாய் ஒன்றுதான். நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி உயரத்தில் தலைக்குமேல் கூரையே இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார் என்பதை வீட்டம்மாவிடம் எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். "அவருக்கு வடை மாலை போடறாங்க, எனக்கு யாருங்க போடறாங்க?" என்று திருப்பிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடவும்.

இனி, நிறுத்துவது. ஓட்டுவதைவிட இதுதான் முக்கியம். பேட்டரி ஒரு நாளைக்கு ஒரு மனநிலையில் இருக்கும் வண்டியை எப்போதும் இறக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். கிளச்சை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டு, உருளவிட்டுக் கிளச்சை விட்டால் எழுந்துவிடும். ஆனால் நாம் இருப்பது சமவெளி. மல்லூரிலிருந்து புதுச்சத்திரம் வரைக்கும் கண்ணுக்கு இறக்கமாகத் தெரிகிற பாதி இடம் இறக்கமே இல்லை என்பதை வேன் வைத்திருப்பவன்தான் கண்டுபிடிப்பான். எனக்கு இப்போது டீக்கடைகளை டீயின் ருசியால் தெரியாது, வாசலின் சரிவால்தான் தெரியும். ராசிபுரம் பக்கத்தில் ஒரு கடையில் டீ வெந்நீர் மாதிரி இருக்கும்; ஆனால் என்ன ஒரு சரிவு! சேலத்துக்குள் தட்டுவடை செட் சாப்பிட ஆசைப்பட்டால் ஒருவர் இறங்கி வாங்கி வரட்டும், மற்றவர் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கட்டும். ஐந்து ரோடு மேம்பாலம் அருமையான இறக்கம்தான், அதில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்புவது விடிகாலை நான்கு மணிக்கு. சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் தகரப் பெட்டிக்குள் மனிதன் இருக்க முடியாது. ரேடியேட்டரும் அதே கருத்துத்தான். முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டுங்கள். உடனே மூடியைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் ஆறவிட்டு, ஈரச் சாக்கைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். அந்த அரை மணிக்குள் உங்களைச் சுற்றி நான்கு பேர் கூடி, நான்கு காரணம் சொல்லி, ஐந்தாவதாக ஒருவர், "இதை வித்துப்போடுங்க தம்பி" என்பார். நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அதற்கும் அவசியம் அபூர்வம்தான். இந்த நான்குவழிச் சாலையின் அழகே அதுதான்: ரேடியேட்டர்காரர், டைனமோ கட்டுகிறவர், டயர்க்காரர், லேத், வெல்டிங் என்று ஒரு கல்லெறி தூரத்துக்கு ஒரு பட்டறை. ஒரே சிக்கல், "லாரிக்குன்னா இருக்குதுங்க" என்பார்கள். உங்கள் வண்டிக்கான சாமான் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் புதுப்பேட்டையில் ஏதோ ஒரு குவியலுக்கு அடியில் கிடக்கும். லேத்துக்காரர் உங்கள் தேய்ந்த புஷ்ஷை விரலில் உருட்டிப் பார்த்து, ஒரு கம்பியை மாட்டிக் கடைந்து கொடுத்துவிடுவார். ஒரிஜினலைவிட அது அதிக நாள் உழைக்கும். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

மலைக்கு ஆசைப்படாதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி, சமாளிக்கலாம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் முப்பதாவது வளைவில் கருகல் வாசம் வரும், ஐம்பதாவதில் மிதி பஞ்சாகிவிடும். தொப்பூர் கணவாயில் தர்மபுரிப் பக்கமிருந்து இறங்கும்போது நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் புத்தி வேண்டாம். இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவமும் போய்விடும். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்தான் என்பது புறநானூற்றுச் செய்தி. அதே மலையில் என் வண்டியில் ஒரே ஒரு போல்ட்டு கழன்றது. அது ஃபேனில் பட்டு, ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்து, பெல்ட்டை அறுத்து, ஹோஸைப் பிடுங்கி, கடைசியில் கீழே வைத்திருந்த முட்டை அட்டையில் போய் நின்றது. ஓரிக்குப் பிறகு அந்த மலையில் இப்படி ஒரு குறி பார்த்திருக்க மாட்டார்கள்.

ராத்திரி தங்க, லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்க்குதான் பத்திரம். பங்க்கில் அடுப்பு மட்டும் பற்ற வைக்கக் கூடாது. ஊருக்குள் நிறுத்தினால் திரைச்சீலையையும் பக்கவாட்டுக் கதவையும் பார்த்துவிட்டு ஆட்கள் வருவார்கள். மோகனூர் பக்கம் ஒருவர் கண் பரிசோதனை இலவசமா என்று கேட்டார். ஜேடர்பாளையத்தில் ஒரு அம்மா ஓட்டை அண்டா ஒன்றைக் கொண்டு வந்து வைத்து, "எவ்வளவு போடுவீங்க சாமி?" என்றார். ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அண்டாவை எடுத்துக்கொண்டு போகும்போது, "விலை குறைச்சலா கேப்பீங்கன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தள்ளுவதற்கு ஆள் பிடிப்பது கடைசிப் பாடம். வெள்ளைச் சட்டைக்காரர்களைக் கூப்பிடாதீர்கள், யோசனை மட்டும் சொல்வார்கள். போன மாசி மாதம் சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் ரோட்டில், துளிக்கூடச் சரிவில்லாத ஒரு இடத்தில் என் வண்டி படுத்துவிட்டது. பின்னால் ஒரு ரிக் வண்டியும் அதன் துணை லாரியும் வந்து நின்றன. போர் போடுவதற்காகச் சத்தீஸ்கர் பக்கம் போய் எட்டு மாதம் கழித்துத் திரும்புகிறார்களாம். துணை லாரியின் பக்கவாட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மேலே கட்டில், அரிசி மூட்டை, கரி பிடித்த குண்டான். சமையல்கார அண்ணன் இறங்கி வந்து என் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டில், அடுப்பு, டிரம்.

"எத்தனை மாசமுங்க?"

"ரெண்டு நாளுங்கண்ணா."

"ஊடு எங்கீங்க?"

"சேலம்."

ஒன்றும் சொல்லவில்லை. சேலம் இருக்கும் திசையை ஒரு தடவை பார்த்தார். கூட வந்த பையன்களைக் கூப்பிட்டார். ஆறு பேர் சேர்ந்து தள்ளினார்கள். இருபதடியில் இன்ஜின் எழுந்தது. இங்கேதான் கவனம் தேவை. இறங்கி நன்றி சொல்லலாம் என்று தோன்றும், நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் மறுபடியும் அவர்களே தள்ள வேண்டும். ஜன்னலில் கையை நீட்டி, கண்ணாடியில் அவர்கள் தெரிகிறவரைக்கும் ஆட்டிக்கொண்டே போய்விட வேண்டும்.