வந்துகொண்டே இருக்கிறார்

ஜமைக்காவில் ரெகே கச்சேரி என்பது விடிய விடிய நடக்கிற சங்கதி. சின்னப் பாடகர்கள் முன்னிரவிலேயே மேடை ஏறிவிடுவார்கள். போஸ்டரில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய பாடகர் விடியற்காலையில்தான் ஏறுவார். ஏறினால். அந்த 'ஏறினால்' என்பதற்குள்ளேயே குடித்தனம் நடத்தும் மனிதர் ஒருவர் உண்டு. மான்டேகோ பேயில் எந்தக் கச்சேரி மைதானத்துக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம்.

வயது அறுபதை ஒட்டி. சிவப்பு, மஞ்சள், பச்சையில் பின்னிய தொப்பி. கழுத்தில் ஓர் அடையாள அட்டை. திருப்பிப் பார்த்தால் ஏதோ பழைய வருடத்துத் திருவிழாவுடையது. இருட்டில் யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? கச்சேரி நடத்துபவருக்கு இவர் சொந்தமில்லை, பாடகருக்குப் பந்தமில்லை. எல்லோரையும் போலக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்தான். இருந்தும் நள்ளிரவு தாண்டியதும் செய்தித் துறையைத் தானே எடுத்துக்கொள்வார்.

"ஃப்ளைட் இறங்கிருச்சு."

யார் சொன்னது என்று கேட்கக் கூடாது. சாங்ஸ்டர் விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் மச்சான் இருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து, பாடகர் ஹோட்டலில் குளிக்கிறார். அங்கே இவருடைய அத்தை மகள் வேலை பார்க்கிறாள். இன்னொரு மணி நேரம் கழித்து, இன்னும் குளிக்கிறார். சடை இடுப்புக்குக் கீழே தொங்குகிறதே, அலசிக் காயவைக்க வேண்டாமா என்று நம்மையே கோபித்துக்கொள்வார். கல்யாண மண்டபத்தில் "மாப்பிள்ளை வண்டி எல்லையைத் தாண்டிருச்சு" என்று சொல்லிச் சொல்லியே பசித்த சனத்தை உட்கார வைக்கிற பெரியப்பா ரகம்.

இதற்குள் பாதிப் பேர் படுத்திருப்பார்கள். பிரித்த அட்டைப்பெட்டியை 'ரெகே பெட்' என்று பெயர் சூட்டி விற்பது அந்த ஊர் வழக்கம். இவர் வாங்க மாட்டார். படுத்தால் பாடகர் வருவது தெரியாதாம். ஆட்டுத் தலையும் குடலும் பச்சை வாழைக்காயும் போட்டுக் கொதிக்கிற 'மேனிஷ் வாட்டர்' சூப்பை நின்றபடியே குடிப்பார். கண் மட்டும் மேடையோரத்துப் படியில்.

ஓர் இளவட்டம் "வரமாட்டாரு போல" என்று முனகினால் போச்சு. அமெரிக்கா விசாவை ரத்து பண்ணியிருக்கும் என்பார். 2010ல் பீனி மேன், பவுன்டி கில்லர், மவாடோ ஆகிய பாடகர்களின் விசாக்களை அமெரிக்கா ரத்து செய்தது உண்மைதான். ஆனால் ஜமைக்காக்காரர் ஜமைக்காவில் பாட அமெரிக்க விசா எதற்கு? கேட்டால், "உனக்கு அரசியல் புரியாது தம்பி" என்று முடித்துவிடுவார். அதுவும் எடுபடாவிட்டால் பன்னி வெய்லரை இழுப்பார். 1973ல் வெய்லர்ஸ் குழு வெளிநாடு சுற்றிக்கொண்டிருந்தபோது, இனிப் பயணம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டவர் பன்னி. ஆகவே வராமல் இருப்பதும் ரெகே மரபுதானாம். பன்னி 'வரமாட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வராமல் இருந்தார் என்பது மட்டும் இவருக்கு மறந்துபோகும்.

சறுக்குவது பாப் மார்லியை எடுக்கும்போதுதான். 1976 டிசம்பர் 3 இரவு, கிங்ஸ்டன் ஹோப் ரோடு வீட்டுக்குள் புகுந்து மார்லியைச் சுட்டார்கள். அவருக்குக் கையில் குண்டு, மனைவி ரீட்டாவுக்குத் தலையில் காயம், மேனேஜர் டான் டெய்லர் உடம்பில் பல குண்டுகள். டிசம்பர் 5 அன்று 'ஸ்மைல் ஜமைக்கா' கச்சேரி மேடையில் மார்லி ஏறினார். ஒரு பாட்டு என்று வந்தவர் சுமார் ஒன்றரை மணி நேரம் பாடினார். ரீட்டாவும் கூட நின்று பாடினார். அத்தனையும் இலவசம். முன்வரிசையில் நின்று பார்த்ததாக நம்மவர் கண்கலங்கச் சொல்வார். அப்போது இவருக்குப் பத்து வயதுதானே, அவ்வளவு தூரம் யார் கூட்டிப் போனார்கள் என்றெல்லாம் நாம் கேட்க மாட்டோம். ஆனால் பக்கத்து அட்டையில் படுத்திருந்த பாட்டியம்மா எழுந்து உட்கார்ந்து கேட்பாள்:

"குண்டு பட்டவரே வந்தாரேப்பா, இவருக்கு என்ன பட்டுச்சு?"

பெரும்பாலும் பணம்தான். முன்பணம் கைக்கு வந்திருக்கும். மீதி, மேடை ஏறுமுன் வர வேண்டும். வாசல் வசூல் எதிர்பார்த்தபடி இல்லையென்றால் நடத்துபவர் ஃபோனை எடுக்க மாட்டார், பாடகர் காரைவிட்டு இறங்க மாட்டார். நடுவில் மாட்டிக்கொள்வது வாத்தியக் குழு. ரெகேவில் ஒரு சௌகரியம், பேஸ் கிட்டாரும் டிரம்மும் சேர்ந்து ஒரு ரிதிமைப் பிடித்துவிட்டால் அதையே அரை மணி நேரம் ஓட்டலாம். "இது அறிமுக இசை, ஆள் படிக்குப் பக்கத்துல நிக்கிறாரு" என்பார் இவர்.

கடைசியில் சூரியன் வந்துவிடுவான். அவனுக்கு யாரும் முன்பணம் கொடுத்ததில்லை. அறிவிப்பாளர் "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஆரம்பிக்கும்போதே பாட்டில் பறக்கும், ஊதுகுழல்கள் ஓலமிடும். டிக்கெட்டின் பின்புறம் எறும்பு எழுத்தில் 'கலைஞர்கள் மாறக்கூடும்' என்று அச்சடித்திருப்பதை அப்போதுதான் எல்லோரும் படிப்பார்கள். நம்மவர் பாட்டில் எறிய மாட்டார். அறிவிப்பாளருக்கு விவரம் தெரியாது என்பார்.

இவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தான் சொன்ன ஒவ்வொன்றையும் முதலில் நம்பியவர் இவர்தான். இவர் மட்டும் இல்லாவிட்டால் கூட்டம் இரண்டு மணிக்கே கலைந்திருக்கும், ஜெர்க் சிக்கன் கடைக்காரர்களின் பாதிச் சரக்கு மிஞ்சியிருக்கும். நியாயமாகப் பார்த்தால் அவர்களாவது இவருக்கு ஒரு தட்டு இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலவரம் தெரிய வேண்டுமென்றால் இவரைக் கேட்காதீர்கள், டிரம்மரைப் பாருங்கள். அவர் சிம்பலைக் கழற்றி உறையில் போட ஆரம்பித்தால் கிளம்பிவிடுங்கள். ஆனால் இவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பாதீர்கள். திரும்ப உட்கார வைத்துவிடுவார்.