மணிக்கட்டுக் கனவான்

மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் பூங்காவுக்கு, அமிர்தாஞ்சனம் என்னும் தலைவலித் தைலத்தை நாட்டுக்கு அளித்த நாகேஸ்வர ராவ் அவர்களின் பெயரைச் சூட்டியவர்கள் எத்தகைய தீர்க்கதரிசிகள் என்பதை, காலை ஆறு மணிக்கு அங்கே உலாவச் சென்று, மணிக்கட்டுக் கனவானிடம் அகப்பட்டுப் பத்து நிமிஷம் பேசித் திரும்புகிற எவரும் தாமாகவே உணர்ந்துகொள்வார்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, வயது 62 ஆகி, கடல் கடந்து வாழும் பிள்ளை வாங்கி அனுப்பிய விளையாட்டுக் கைக்கடிகாரத்தை இடக்கையில் தரித்தவர் இவர். "சௌக்கியமா?" என்று கேட்டால், மற்றவர்களைப் போல "ஏதோ ஓடுது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டமாட்டார், நின்று, முழுக்கைச் சட்டையை மெல்ல மேலே தள்ளி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "76" என்பார். ராத்திரி தூக்கத்தில் நாடித் துடிப்பு 57 வரை இறங்கியது என்ற செய்தியைத் தமது சொந்த முயற்சியால் சாதித்த காரியம்போலக் கூறி, உங்களுக்கு எவ்வளவு என்று விசாரிப்பார். கையில் கடிகாரம் இல்லாதவர்களை அவர் பார்க்கிற பார்வையில் கோபம் கிடையாது. அனுதாபம் மட்டுமே உண்டு.

அவருடைய கடிகாரம் 220இலிருந்து வயதைக் கழித்து, 158 என்பதே அவருடைய இதயத்தின் உச்சவரம்பு என்று விதித்திருக்கிறது. இது சராசரிக் கணக்கு. ஒத்த வயதுடைய இருவருக்குள்ளே பத்துப் பதினைந்து துடிப்பு வித்தியாசம் இருப்பது சகஜம். ஆனால் கனவானுக்கோ அது சாசனம். ஆகவே, ஒருநாள் அவர் சிற்றடி வைத்து மெல்லோட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது கடிகாரம் 161 என்று காட்டவே, திடுக்கிட்டு நின்று, சிமெண்டு பெஞ்சில் சாய்ந்து, மார்பில் கையை வைத்துக்கொண்டு, "சார், எல்லையைத் தாண்டிட்டேன்" என்று அறிவித்தார். எல்லை தாண்டியவருக்கு மூச்சு இரைக்கவில்லை, வியர்வைகூட அதிகமில்லை. அகவிலைப்படி நிலுவையைப் பற்றி நீண்ட வாக்கியங்களில் பேசவும் முடிந்தது. பக்கத்தில் இருந்த பழைய கம்பவுண்டர் ஒருவர், அவருடைய வலக்கையைப் பற்றி விரல்களால் நாடியை அழுத்தி, நொடிமுள்ளைப் பார்த்துக் கால் நிமிஷம் எண்ணி, "28. நாலால பெருக்குங்க, 112தான்" என்றார். "உங்க விரல்ல சென்சார் இல்லையே சார்!" என்று கனவான் மறுத்தார். அதற்குள் கடிகாரமும் 115க்கு இறங்கியிருக்க, இவ்வளவு சடுதியில் இதயம் நிதானத்துக்குத் திரும்பியது தம்முடைய நீண்டகாலப் பயிற்சியின் பலன் என்று சந்தோஷப்பட்டார்.

நடந்தது என்னவென்றால், கடிகாரம் அன்று எண்ணியது இதயத்தை அல்ல, பாதங்களை. அதன் முதுகிலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை விரும்பி உறிஞ்சுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பெருகி வரும்போது திரும்பிவரும் ஒளி சற்றே குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கருவி துடிப்பை அனுமானிக்கிறது. 1930களின் இறுதியில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்வித்தையை ஆராய்ந்த காலத்திலிருந்து தத்துவம் மாறவில்லை. ஆனால் விரல் நுனியைப்போல ரத்த நுண்குழாய்கள் செறிந்த இடமல்ல, எலும்பும் தசைநாணும் மிகுந்த மணிக்கட்டு. அங்கே கிடைக்கும் சமிக்ஞையே சொற்பம். ஓடும்போது கையும் வீசி, வார் தளர்ந்து, கடிகாரமும் குலுங்கினால், கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதோடு சொன்ன ரகசியத்தின் கதிதான் அந்தச் சமிக்ஞைக்கு நேர்கிறது. நிமிஷத்துக்கு 160 அடி என்ற பலமான தாளத்தையே கருவி நாடி என்று பற்றிக்கொள்கிறது. ஓட்டக்காரர்கள் இதைக் 'கேடன்ஸ் லாக்' என்பார்கள். கனவானிடம் சொல்லிப் பார்த்தார்கள். அது மலிவுக் கடிகாரங்களுக்கு வருகிற வியாதி என்று சொல்லிவிட்டார்.

கனவானின் இல்லத்தரசியும் இந்தச் சாஸ்திரத்தால் பாதிக்கப்பட்டவரே. லிஃப்ட் பழுதான ஒரு காலையில் நான்கு மாடியும் விறுவிறுவென்று ஏறி வாசலில் வந்து நின்ற கனவான், பேசமுடியாமல் தவித்த அந்தத் தருணத்தில் கடிகாரம் 94 என்று காட்டியதைக் கண்டு, தமக்குக் களைப்பே இல்லை என்று சைகையால் தெரிவித்தார். ஒளிவழிக் கருவி பல நொடிகளின் சராசரியைக் கணக்கிட்டுச் சொல்வதால், திடீரென்று ஏறும் துடிப்பைப் பின்தங்கியே காட்டும். அம்மையார் நீட்டிய காப்பியை ஒரு மிடறு பருகிவிட்டு அவர் மறுபடி பார்க்கும்போது 131! டிகாக்‌ஷன் கடுமையாகிவிட்டது என்று குற்றம் சாட்டினார். "காப்பி இன்னும் தொண்டையையே தாண்டலை, அதுக்குள்ள இதயத்துக்கு எப்படிங்க போச்சு?" என்று அம்மையார் கேட்ட கேள்விக்குக் கடிகாரத்தில் பதில் இல்லை.

1707ஆம் ஆண்டில் ஜான் ஃபிளாயர் என்னும் ஆங்கில வைத்தியர், சரியாக ஒரு நிமிஷம் ஓடி நின்றுவிடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நோயாளிகளின் நாடியை எண்ணிய விவரத்தை நூலாக எழுதினார். அங்கே கடிகாரம் காலத்தைக் காட்டிற்று, மனிதர் நாடியை எண்ணினார். நம் கனவான் இரண்டு வேலையையும் கடிகாரத்திடமே ஒப்படைத்துவிட்டு, வடை தின்னும் பொறுப்பை மாத்திரம் தம்மிடம் வைத்துக்கொண்டிருக்கிறார். 400 கலோரி எரிந்தது என்று கடிகாரம் சொன்னால், லஸ் முனையில் இரண்டு மெதுவடைக்கு உரிமை பிறக்கிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டிப் பரீட்சித்தபோது, ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டன. கலோரிக் கணக்கிலோ, எல்லாவற்றிலும் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. ஒரு வடைக்கு மேல் சந்தேகத்துக்குரியது என்று இதற்கு அர்த்தம்.

மார்புப் பட்டைக்காரர் என்று வேறொரு ஜாதி உண்டு. இதயத்தின் மின்துடிப்பையே நேராக அளக்கும் பட்டையை மார்பில் கட்டிக்கொண்டு ஓடுகிற இவர்கள், துல்லியத்தில் மேம்பட்டவர்கள் என்பதில் ஐயமில்லை. அதை நமக்குத் தெரிவிக்காமல் விடுவதில்லை என்பதும் அவ்வாறே.

நியாயமாகச் சொன்னால் கடிகாரத்தின்மேல் பெரிய பழி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சீராக நடக்கும்போதும் அது பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. குளிர்ந்த கை, தளர்ந்த வார், பச்சை குத்திய தோல், மணிக்கட்டை மடக்கித் தூக்கும் பளு ஆகியவை வந்தால்தான் தடுமாறுகிறது. ஆகையால், அன்பர்களே, வாரை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நழுவாதபடி கட்டிக்கொள்ளுங்கள். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் மட்டும், கையைத் திருப்பி எண் பார்த்துக்கொண்டிராமல், தயவுசெய்து 108ஐ அழையுங்கள்.