குளவியிடம் யாரும் சிட்டா கேட்கவில்லை

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் பண்ணை மேலாண்மை ஆலோசகராக வரும் தம்பிக்கு, இதே வேலையில் தலை நரைத்தவன் எழுதுவது.

லேப்டாப், புரொஜெக்டர், மடித்துக் கட்டும் ஃப்ளெக்ஸ் மூன்றும் மறக்காதே. சொட்டுநீர், ஒருங்கிணைந்த பண்ணையம், உழவன் செயலி என்று வரிசையாகச் சொல்லு. மலையாளிப் பழங்குடி மக்கள் மரியாதை தெரிந்தவர்கள்; முழுசாகக் கேட்பார்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "சார், சங்கத்துல கடன் கெடைக்குமா?" என்பார். உன் வேலை அங்கேதான் முடிகிறது.

கடனுக்குச் சிட்டா, அடங்கல் வேண்டும். அவற்றுக்குப் பட்டா வேண்டும். கல்வராயன் மலையில் பலரிடம் பட்டா கிடையாது. மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. 1976இல் அரசு ஜாகிரை எடுத்துக்கொண்டது. ஜாகிர்தார் போனார், வனத்துறை வந்தது. பாட்டன் காலத்திலிருந்து சாமையும் மரவள்ளியும் போட்டவன் காகிதத்தில் ஆக்கிரமிப்பாளன் ஆனான். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தும் மனு கொடுத்தவர்களில் பலர் மனுதாரர்களாகவே இருக்கிறார்கள். நிலமே தன்னுடையது என்று சொல்ல முடியாதவனுக்குத்தான் நீ 'நில மேலாண்மை' சொல்லித்தரப் போகிறாய். சிரிக்காதே, சம்பளம் அதற்குத்தான்.

விவசாயி ஆவதற்கு நிலம் எதற்கு என்று கேட்டால், 2020இல் மலைக்குக் கீழே அதையும் செய்து காட்டினார்கள். பிரதமரின் கிசான் திட்டம், வருடம் 6,000 ரூபாய். கள்ளக்குறிச்சி உட்பட 13 மாவட்டங்களில் தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேர் விவசாயிகளாகப் பதிவானார்கள். போன பணம் சுமார் 110 கோடி. இடைத்தரகர், கம்ப்யூட்டர் சென்டர், நம் வேளாண் துறையின் பாஸ்வேர்டு எல்லாம் ஒத்துழைத்தன. பசுமைப் புரட்சியிலும் இவ்வளவு விவசாயிகள் இவ்வளவு சீக்கிரம் முளைத்ததில்லை. மானம் போகிறதே என்று ஒப்பந்தப் பணியாளர்கள் 80 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏர் பிடித்தவனிடம் ஆவணம் கேட்டுத் துளைத்த அதே அலுவலகம், ஏரையே பார்க்காதவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மதிப்புக்கூட்டல் என்று ஒரு பாடம் வைத்திருப்பாய். ஜாக்கிரதை. மலையில் வாசலுக்கே ஆள் வந்து வாங்கிப்போகும் மதிப்புக்கூட்டிய சரக்கு சாராயம் ஒன்றுதான். மரவள்ளிக்கோ ஆலைக்காரர் பார்க்கும் மாவுச்சத்துப் பாயிண்ட்தான் விலை. அதை அவரே பார்ப்பார், அவரே சொல்வார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கொன்றது மெத்தனால், அது மரத்தில் காய்ப்பதில்லை, ஆலையில் வடிவது. ஆனாலும் போலீஸ் படை மலையேறிச் சாராய ஊறலைக் கொட்டியது. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, மலை மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டது. பிணம் விழுந்தால்தான் மலைக்கு விலாசம் கிடைக்கிறது.

நம் தொழிலில் நல்லதே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மரவள்ளியை மாவுப்பூச்சி தின்றபோது ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவியை வரவழைத்து 2022இல் சேலம் பக்கம் விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி. பட்டா நிலமா, புறம்போக்கா, வனமா என்று பார்க்காமல் மாவுப்பூச்சியைத் தேடி அதற்குள் முட்டையிட்டது. பயணப்படி கேட்கவில்லை. நான் பார்த்ததிலேயே சிறந்த வேளாண் அலுவலர்.

உன் மாத அறிக்கையில் 'பயனடைந்த விவசாயிகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். காலியாக விட்டால் மெமோ வரும். கூட்டத்தில் டீ குடித்தவர்களை எண்ணிப் போடு. பட்டா இல்லாதவரையும் தாராளமாகச் சேர்த்துக்கொள். அந்தக் கட்டத்துக்கு மட்டும் யாரும் சிட்டா கேட்பதில்லை.