மாப்பிள்ளை மோதிரம்

கேள்வி: மாப்பிள்ளைக்கு வைர மோதிரம் போடப்போகிறோம். 22 காரட்டில்தான் வேண்டும் என்கிறார் என் மாமனார். கடைக்காரரோ 18 காரட் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இந்த விஷயத்தில் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். 22 காரட் தங்கம் மென்மையானது. பைக் ஓட்டி, பெட்டி தூக்கும் கையில் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கி நெளிந்தால், மாப்பிள்ளை வீட்டில் இருப்பார், வைரம் மறுவீடு போய்விடும்! மோதிரத்தின் உள்பக்கம் 18 காரட்டுக்கான 750 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. என்ற ஹால்மார்க் அடையாளக் குறியீடும் இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் செயலியில் கடையிலேயே தட்டிப் பாருங்கள். கல் எடையைக் கழித்துத் தங்க எடையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். 18 காரட் விலைதான் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.