இன்னும் ரெண்டே ரெண்டு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த ஜிம்முக்குப் போனாலும், அங்கிருக்கும் மாஸ்டருக்குப் பத்து வரை ஒழுங்காக எண்ண வராது. எட்டு சொல்வார், ஒன்பது சொல்வார், அப்புறம் மறுபடியும் ஒன்பது. பார்பெல்லுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவன் கண் பிதுங்கப் பார்த்தால், "அவ்ளோதான் கண்ணு, இன்னும் ரெண்டே ரெண்டு" என்பார். அந்த ரெண்டுக்குப் பின்னாலும் ஒரு ரெண்டு இருக்கும். மாதக் கட்டணத்தை வாங்கி எண்ணும்போது மட்டும் இந்தக் கோளாறு தலைகாட்டியதில்லை.

ஜிம் பெரும்பாலும் மாடியில்தான். கீழே பஞ்சர் கடையோ வலைக் கடையோ இருக்கும். படி ஓர் ஆள் அகலம். மாஸ்டர் அதைவிட ஒரு பிடி அகலம் என்பதால் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுவார். சுவரில் ஆஞ்சநேயர், அந்தோணியார், அர்னால்டு மூவரும் வரிசையாக இருப்பார்கள், மூவருக்கும் பொதுவாக ஒரே ஊதுபத்தி. கடல் காற்றின் உப்பு இரும்பைச் சும்மா விடுமா? துரு உரிந்து உரிந்து, பத்துக் கிலோ பிளேட் இன்று என்ன எடை என்பது மாஸ்டருக்கே தெரியாது. ஆயுத பூஜைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துச் சந்தனம் குங்குமம் வைத்ததும் உதிர்ந்த எடை திரும்பிவிடுவதாக ஐதீகம்.

கையில்லாத பனியன் போட்டு, இரண்டு அக்குளிலும் தண்ணிக் குடத்தை இடுக்கிக்கொண்டவர் மாதிரி நடப்பார் மாஸ்டர். எப்போதோ நடந்த ஆணழகன் போட்டியில் எண்ணெய் பூசிக்கொண்டு நின்ற போட்டோ கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்குகிறது. இப்போதைய தொப்பையைப் பற்றிக் கேட்டால் "ஆஃப் சீசன்" என்பார். அந்த ஆஃப் சீசன் அவருடைய கல்யாணத்தன்று தொடங்கியது.

2021 ஜூலை வரை மாஸ்டரின் தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த மறுவாரம் குத்துச்சண்டை வீரராகிவிட்டார். இந்தப் பக்கம் அந்த ஒரு மாதத்தில் எத்தனை தாத்தாக்கள் இப்படிக் கையுறை மாட்டினார்கள் என்று கணக்கெடுத்தால், எதிரில் நின்று குத்து வாங்க ஆள் மிஞ்சியிருக்காது. படத்தில் வந்தது வெறும் கதையும் இல்லை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து வடசென்னைக்காரர்கள் நிஜமாகவே மோதியிருக்கிறார்கள். 1980ல் முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அன்று அலியோடு கைகுலுக்கியதாகச் சொல்பவர்களை உட்காரவைக்க இன்னொரு ஸ்டேடியம் கட்ட வேண்டும். அதில் மாஸ்டரின் தாத்தாவுக்கு முன்வரிசை.

மூட்டை தூக்கிய தாத்தாவும் சாமானியரில்லை. 1983ல் சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் வந்தது. தோள்கள் தூக்கியதைக் கிரேன் தூக்கத் தொடங்கியது. அன்று தாத்தாக்கள் கூலி வாங்கிக்கொண்டு சுமந்த எடையை இன்று பேரன்கள் மாசாமாசம் பணம் கட்டித் தூக்குகிறார்கள்.

திருவொற்றியூரில் 1946ல் பலூன் செய்த சின்னக் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1964ல் தலைக்கு மேல் டயரைத் தூக்கிப் பிடிக்கும் பயில்வானைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. மாஸ்டரின் கணிப்பில் அவன் இந்த ஏரியா பையன்தான். "கைய மட்டும் வெச்சிகினு டயரத் தூக்க முடியுமாடா? காலு ஓணும்" என்பார். அவருடைய மாணவர்களுக்குக் காலில் நம்பிக்கையில்லை. மார்பும் புஜமும் செய்கிற நாளில் ஜிம்மில் நிற்க இடமிருக்காது. கால் பயிற்சி நாளில் ஒருவனுக்குப் பாட்டி இறந்திருப்பாள், இன்னொருவனுக்கு அதே பாட்டியின் காரியம். "பேன்ட் போட்டா எவன் பாக்கப்போறான் மாஸ்டர்?" என்று உண்மையைச் சொல்லிவிடும் தைரியசாலியும் உண்டு. அவனுக்கென்று மாஸ்டர் ஒரு பாடம் வைத்திருக்கிறார். "உங்க ஆயா காசிமேட்ல மீன் கூடைய எறக்கி வெச்சி, குந்தி, திரும்பத் தூக்கினு எந்திரிச்சிதே, அதான்டா ஸ்குவாட். எழுவது வயசுல ஆயாவுக்கு முட்டி வலி இல்ல. இருவது வயசுல ஒனக்கு டாய்லெட்ல குந்த முடியல." உடம்பின் பெரிய தசைகளில் பல இடுப்புக்குக் கீழே இருக்கின்றன, உண்ணும் சர்க்கரையை எரிப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு என்று மருத்துவர் சொல்வதை மாஸ்டர் ஆயாவை வைத்துச் சொல்கிறார்.

வேறு ஊர் ஜிம்முக்கு ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து பெருத்தவர்கள் வருவார்கள். இங்கே ஏற்கெனவே உழைத்துக் களைத்தவர்களும் வருகிறார்கள். வலை இழுக்கிறவர், ஐஸ் பெட்டி தூக்குகிறவர், கிடங்கில் மூட்டை அடுக்குகிறவர். "நாள் பூரா தூக்கறேன், எனக்கு இன்னாத்துக்கு மாஸ்டர் எக்சசைசு?" என்று கேட்கும் அண்ணனுக்குப் பதில் டென்மார்க்கிலிருந்து வந்திருக்கிறது. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பல வருடம் கவனித்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோயும் சாவும் குறைவு. வேலையில் உடம்பை முறித்தவர்களுக்கு இரண்டுமே அதிகம். காரணம் ஊகிக்க முடியாததல்ல. ஜிம்மில் எடையும் நேரமும் நம் விருப்பம், நடுவில் மூச்சு வாங்கலாம். கிடங்கில் இரண்டுமே மேஸ்திரியின் விருப்பம். எட்டு மணி நேரம் ரத்த அழுத்தம் இறங்க இடமே இல்லை.

மாஸ்டர் இந்த ஆய்வைப் படித்ததில்லை. ஆனால் நாற்பது வயதில் படி இறங்கத் திணறும் முதுகுகளைப் பார்த்திருக்கிறார். அதனால் இவர்கள் வந்தால் அவருடைய சத்தம் பாதியாகிவிடும், எண்ணிக்கைகூட நேராகிவிடும். முதலில் ஒரு கேள்வி: "எந்தத் தோள்ல போடுவ?" வலது என்றால், "அப்ப லெஃப்ட்டு இன்னா மாமியார் ஊட்லயா இருக்குது? ரெண்டு பக்கமும் மாத்திப் போடு." பிறகு ஒரு துடைப்பக் குச்சியை முதுகோடு ஒட்டிப் பிடிக்கவைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கிக் குனியக் கற்றுக்கொடுப்பார். சுமையை உடம்போடு ஒட்டித் தூக்கு, தூக்கிய நிலையில் இடுப்பைத் திருகாதே, திரும்ப வேண்டுமானால் காலை எடுத்து வைத்துத் திரும்பு. புது எடை எதுவும் கொடுக்கமாட்டார். கேபிளைத் தன் பக்கம் இழுக்கிற பயிற்சி, கொஞ்சம் பிளாங்க், வேலையில்லாத நாளில் கைவீசி நடை, இரவில் தூக்கம். "ஒனக்கு ஓணும்ங்கறது ரெஸ்ட்டுதாண்ணா" என்று பணம் வாங்கிக்கொண்டு சொல்கிற வியாபாரி வேறு எந்தத் தொழிலில் இருக்கிறார்?

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஹார்பர் கேட்டுக்காக மணிக்கணக்கில் வரிசை பிடித்து நிற்கும் கன்டெய்னர் லாரி டிரைவர்களும் அவரிடம் வருகிறார்கள். ஒன்றுக்குப் போக இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள். வண்டி நகராத நேரத்தில் இறங்கி, பம்பரைப் பிடித்துக்கொண்டு இருபது பஸ்கி எடுக்கச் சொல்லியிருக்கிறார். பின்னால் நிற்கும் டிரைவர் ஹாரன் அடித்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

காலை பத்து மணிக்கு மேல் லேடீஸ் பேட்ச். அந்த இரண்டு மணி நேரம் மாஸ்டர் பனியன் மேல் சட்டை போட்டுப் பட்டனும் போடுவார். "வெயிட் தூக்கனா ஆம்பள மாதிரி ஆயிடுவோமாமே தம்பி?" என்று ஓர் அக்கா பயந்தபோது அவர் சொன்னது: "நானே இருவது வருசமா தூக்கறேங்கா, எனக்கே வரமாட்டுது." அப்படிப் புடைக்க வைக்கிற ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு, எடை தூக்கினால் அவர்களுக்கு எலும்புதான் உறுதிப்படும். வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்பது 2020ல் உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. ஜிம்முக்கு வர முடியாத நாளில் திருவொற்றியூர் மெட்ரோவில் லிஃப்ட்டை விட்டுப் படியில் ஏறுங்கள் என்பது மாஸ்டர் வைத்த அளவு.

சாப்பாட்டு விஷயத்தில் மாஸ்டர் பாதி ஞானி, பாதி ஏஜென்ட். ஞானி சொல்வது: நாலு முட்டையில் 24 கிராம் புரதம், நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20, மீதிக்குச் சுண்டலும் தயிரும் பருப்பும். ஐ.சி.எம்.ஆர். கணக்கில் சாதாரண ஆளுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும்; எடைப் பயிற்சி செய்கிறவருக்கு 1.6 வரை பலன் தரும். கடலோரத்தில் பிறந்தவனுக்கு இது ஒரு கஷ்டமா? ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடை வந்து விலை ஏறினால் முட்டைக்கு மாறலாம். கருவாடு வேண்டாம், உப்பு. ஏஜென்ட் அலமாரியைத் திறந்து வாளி அளவு டப்பா ஒன்றைக் காட்டுவார். மஞ்சள் கருவைத் தூக்கிப் போடச் சொல்வதும் இதே ஏஜென்ட்தான். முட்டைப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அந்த மஞ்சளில் இருக்கிறது என்பதால் இந்த ஓர் அறிவுரையை மட்டும் அவரிடமே விட்டுவிடலாம். ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ நூடுல்ஸ் கடையில் மாணவனும் மாஸ்டரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காதது மரபு.

மே மாதத்தில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடும் ஒரு கூட்டம் உண்டு, வேர்வையில் கொழுப்பு கரையுமாம். வேர்வையில் போவது தண்ணீர். ஒரு சொம்பு குடித்தால் முள் பழைய இடத்துக்கே வந்துவிடும். கரைகிற பத்துக் கிலோ கொழுப்பில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது என்று 2014ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எண்ணூரில் வெளியே போகிற மூச்சைவிட உள்ளே வருகிற மூச்சுக்குத்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். காற்று நாறுகிற நாளில் ஓட வேண்டாம், உள்ளேயே ஸ்கிப்பிங் ஆடு என்று மாஸ்டர் சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

மாஸ்டரின் ரத்தக்கொதிப்பை ஏற்றுகிறவன் ஒருவன் உண்டு. மார்கழியில் வந்து பொங்கலுக்குள் சிக்ஸ் பேக் கேட்பவன். வயிற்றுப் பயிற்சி ஆயிரம் செய்தாலும் வயிற்றில் மட்டும் கொழுப்பு கரையாது, உடம்பு தன் இஷ்டப்படிதான் எடுக்கும் என்று அவனுக்கு விளக்குவதற்குள் மாஸ்டருக்கே ஒரு பேக் கரைந்துவிடும். நல்ல மாஸ்டர் அவனைத் திட்டி ஸ்கிப்பிங் கயிற்றைக் கையில் கொடுப்பார். கெட்ட மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, ஊசி ஒன்று இருக்கிறது என்பார். இதில் சிரிக்க எதுவுமில்லை. அந்த ஊசியில் இருக்கும் ஸ்டீராய்டு இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும், விதையைச் சுருக்கும். சிறுநீரகம் பழுதாகி இளைஞர்கள் செத்த செய்திகளைச் சென்னைப் பத்திரிகைகளில் எல்லாரும் படித்திருக்கிறோம்.

ஆகவே சேரப் போகிறவர்களே, சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு வருடக் கட்டணத்தை ஒரேயடியாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். எண்ணத் தெரியாத மாஸ்டரைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊசி என்று வாயைத் திறக்கிற மாஸ்டராக இருந்தால், கட்டின பணம் போனால் போகிறதென்று அந்த நிமிஷமே படி இறங்கி வந்துவிடுங்கள்.