பி.டி. பீரியடும் பிரையன்ட் கோபுரமும்

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் பெரும்பாலும் கையால்தான் ஆடப்படுகிறது. அது அவர்கள் பாடு. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்ல. பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர்.

அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் மைதானத்தோரம் ஒரு கோபுரத்தில் ஏறி நின்றுதான் பயிற்சியைக் கவனிப்பார். அதற்கு முன், 1954-இல் டெக்சாஸின் ஜங்ஷன் என்ற ஊரில், கொளுத்தும் வெயிலில் பையன்களுக்குத் தண்ணீர்கூடத் தராமல் பத்து நாள் முகாம் நடத்தினார். பாதிப் பேருக்கு மேல் ஓடிப்போனார்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலுக்கு வந்திருந்தால் அவருக்குக் கோபுரச் செலவு மிச்சம். சித்தன்னவாசல் குன்று பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஏழடிப்பட்டக் குகையின் கற்படுக்கைகளைப் பார்த்தால் முகாமின் கடுமையில் சமணத் துறவிகள் தன்னை முந்திவிட்டதும் தெரிந்திருக்கும்.

2024-இல் ஓய்வுபெற்ற அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் வேறு ரகம். ஸ்கோரைப் பார்க்காதே, கையில் இருக்கும் வேலையைப் பார் என்பார். ஏழு தேசியப் பட்டங்கள். பலனை எதிர்பாராதே என்று சொல்ல அவருக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல்!

நம் பி.டி. மாஸ்டரின் பாணி தியாகம். பரீட்சை நெருங்கினால் பீரியடைக் கணக்கு சாருக்குக் கொடுத்துவிடுவார். பந்து ஸ்டோர் ரூமில், சாவி ஹெட்மாஸ்டரிடம்.

1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குக் கால்பந்துத் தங்கம் வாங்கித் தந்த சையத் அப்துல் ரஹீமும் ஐதராபாத்தில் வாத்தியார் வேலை பார்த்தவர்தான். அவருடைய பீரியடைக் கணக்கு சார் கேட்கவில்லை போலும்.